சலவைக்கடையில் நாற்பத்தோரு முகங்கள்

மார்ச் 4

அக்காவுக்கு,

நேற்று நீ ஃபோனை வைத்த சத்தம் அடுத்த அறையில் இருந்த என் மனைவிக்கே கேட்டிருக்கிறது. "அண்ணி கட் பண்ணிட்டாங்களா, இல்ல சார்ஜ் தீர்ந்துருச்சா?" என்று வந்து கேட்டாள். சார்ஜ் தீர்ந்துவிட்டது என்றேன். "அதுக்கு ஏன் நீங்க இப்படி வேர்த்து நிக்கிறீங்க?" என்றாள்.

நாம் இரண்டு பேரும் ஃபோனில் பேசினால் ஒரே நேரத்தில் பேசுகிறோம். கடிதத்தில் அதற்கு வழியில்லை. ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் வாயை மூடிக்கொண்டிருந்தே ஆகவேண்டும். அதனால்தான் எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தால் நீயும் எழுதியே திட்டு. நிதானமாகப் படித்து வருத்தப்படுவேன்.

முதலில் இருந்து சொல்கிறேன். நேற்று நான் கத்தியதில் பாதி உனக்குப் புரிந்திருக்காது. மீதிப் பாதி புரிந்துவிட்டதுதான் பிரச்சினை.

ஆறு வருஷம் நீ படம் வரைந்து, நான் கதையும் ப்ரோகிராமும் எழுதி, இரண்டே பேராகச் செய்த கேம் நம்முடைய 'சலவைக்கு வந்தவை'. அதில் என்ன இருக்கிறது? ஒரு சலவைக்கடை, ஒரு சின்ன ஜன்னல். ஜன்னல் வழியாக இரண்டு கைகள் துணியை நீட்டும். ஆடுகிறவர் கறையைப் பார்த்து, பையில் கிடக்கும் பஸ் டிக்கெட்டைப் பார்த்து, இது யார், இவருக்கு என்ன ஆயிற்று என்று ஊகிக்கவேண்டும். கீழே நான் எழுதிய நாலு வரி வரும். முகம் வராது. அதுதான் அழகு. (இது என் கருத்து. உன் கருத்தை நேற்றே கேட்டுவிட்டேன்.)

இப்போது 'கொடிக்கயிறு' என்று ஒரு புனைபெயர் கிளம்பியிருக்கிறது. ஆணா பெண்ணா தெரியாது. ஆடுகிறவர்களே கேமுக்குள் கைவைத்து எதையாவது சேர்த்து, ஊருக்கெல்லாம் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுக்கிறார்களே, மாட் என்று, அதில் ஒன்றை இந்த ஆள் செய்திருக்கிறார். குடியிருக்க வந்தவர் வீட்டுக்காரனைக் கேட்காமல் சுவரை இடித்த கதை. ஜன்னலை இரண்டு மடங்கு பெரிதாக்கிவிட்டார். அதில் முகம் தெரிகிறது. நீ வரைந்து, நான் எடுத்துவிட்ட முகங்கள். நாற்பத்தொன்றும்.

எப்படிக் கிடைத்தது என்று கேட்டாய். நான் வேலையில் எதையும் அழிக்கமாட்டேன், உனக்குத் தெரியும். அழித்த மறுநாளே அது வேண்டியிருக்கும். அதனால் 'வேண்டாதவை' என்று ஒரு ஃபோல்டர் வைத்து அதில் தள்ளிவிடுவது பழக்கம். கேமை மூட்டை கட்டி வெளியே அனுப்பியபோது அந்த ஃபோல்டரையும் சேர்த்துக் கட்டிவிட்டேன். இரண்டு வருஷமாக நம் கேமை வாங்கிய ஒவ்வொருவர் வீட்டுப் பரணிலும் உன் முகங்கள் கிடந்திருக்கின்றன. ஒரு ஆளுக்கு மட்டும் ஏணி போடத் தோன்றியிருக்கிறது.

மே 15 அன்று அடுத்த அப்டேட். அதில் ஒரு பூட்டுப் போடப்போகிறேன். கேம் திறக்கும்போது தன் ஃபைல்களைத் தானே எண்ணிப் பார்க்கும். ஒன்று கூடியிருந்தாலும் திறக்காது. பொறாமை என்று நினைக்காதே. பொறாமைதான், ஆனால் அது மட்டும் இல்லை. மாட் போட்டவர்களின் கேம் பாதியில் நின்றால் யாருக்கு எழுதுகிறார்கள்? கொடிக்கயிற்றுக்கா? எனக்கு! இங்கே உட்கார்ந்து பதில் எழுத நான் ஒருவன். எனக்குக் கை இரண்டு.

முகங்களைச் சேர்த்தால் கம்ப்யூட்டர் தாங்காது என்று அன்று நான் உன்னிடம் சொன்னது அன்றைய நிலவரப்படி உண்மை.

தம்பி

பி.கு.: என் மனைவி இப்போது அந்த மாட்டைத்தான் ஆடிக்கொண்டிருக்கிறாள். சொந்த வீட்டில்.


மார்ச் 9

டேய்,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பின்குறிப்புக்கு மட்டும் சிரித்தேன்.

உன் அத்தானின் கால்நடை மருத்துவமனையில் முன்மேசைக் கம்ப்யூட்டர் இருக்கிறதே, எந்த நாய்க்கு எப்போது ஊசி என்று குறித்துவைப்பதற்கு, அதற்கு வயது ஒன்பது. திறந்துவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். அதில் அந்த மாட்டை ஏற்றி ஆடினேன். நாற்பத்தோரு முகமும் வந்தது. ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. பக்கத்தில் ஒரு பூனை கூண்டுக்குள் இருந்து கத்திக்கொண்டே இருந்தது. உன் கேமை இதைவிட மோசமான நிலவரத்தில் யாரும் ஆடியிருக்கமாட்டார்கள். நிலவரம் தாங்கியது.

இருபது வருஷமாக மருத்துவப் புத்தகங்களுக்கு ஈரலும் நுரையீரலும் வரைகிறவள் நான். ஈரலுக்கு முகபாவம் கிடையாது. "முகம் வேணும்க்கா, நாற்பது முகம்" என்று நீ கேட்ட அன்று எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. நாற்பது கேட்டாய், ஆசையில் நாற்பத்தொன்று வரைந்தேன். ஒரு வருஷம். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவர்களை உற்றுப் பார்த்து ஒரு அம்மாவிடம் திட்டுகூட வாங்கினேன். பிறகு ஒரு நாள் ஃபோன் பண்ணி, "கம்ப்யூட்டர் தாங்கலக்கா, வெறும் கையை மட்டும் வச்சுக்கலாமா?" என்றாய். மெஷின் விஷயம் எனக்கென்ன தெரியும், சரி என்றேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கேம் வந்ததும் அந்தப் பத்திரிகைக்காரர் உன்னைப் பேட்டி எடுத்தார். முகமே காட்டாத துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். நீ என்ன சொன்னாய்? "முகம் பொய் சொல்லும். துணி சொல்லாது." அதைக் கத்தரித்து என் மேசைக்கு மேல் ஒட்டியிருந்தேன், என் தம்பி எவ்வளவு ஆழமாகப் பேசுகிறான் என்று. நேற்றுதான் கிழித்தேன். பசை போகவில்லை, சுவரில் கறை நிற்கிறது.

பூட்டு விஷயத்துக்கு வருகிறேன். போடாதே. அந்த ஆள் நம்மிடமிருந்து எதையும் எடுத்துக்கொண்டு ஓடவில்லை. நீ ஒளித்ததை எடுத்து வெளியே வைத்திருக்கிறார். வாங்கினவர்கள் ஆறு மாதத்தில் மறந்துவிடும் கேமை ஒருவர் இரண்டு வருஷம் கழித்தும் நோண்டிக்கொண்டிருக்கிறார் என்றால் நாம் அவருக்கு வாசலில் கோலம் போடவேண்டும். பெற்றுப் போட்ட பிறகு பிள்ளை யார் மடியில் உட்காருகிறது என்று தாய் கணக்குப் பார்க்கக்கூடாது.

மே 15 அன்று பூட்டு வந்தால் என் பெயரை அந்தக் கேமில் இருந்து எடுத்துவிடு. அடுத்த கேமுக்கும் வேறு ஆளைப் பார்த்துக்கொள். மிரட்டல் இல்லை, தகவல்.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

ஒன்பது வயதுக் கம்ப்யூட்டர் என்பது கொஞ்சம் அதிகப்படி. அத்தானிடம் சொல்லி அதற்கு ஓய்வு கொடுக்கச் சொல்.

சரி, இந்த வாரம் எனக்கு வந்த புகார்கள். ஒருவருடைய துவைக்கும் மெஷின் பாடுகிறதாம். பாட்டு பிடித்திருக்கிறது, ஆனால் நிற்கமாட்டேன் என்கிறது, நிறுத்தச் சொல்லுங்கள் என்கிறார். நான் பாடவே வைக்கவில்லை, எப்படி நிறுத்துவது? இன்னொருவர் துணிகளுக்குப் பதில் மீன் வரும்படி ஒரு மாட் போட்டுக்கொண்டு, மீனுக்கு இஸ்திரி போட்டால் கேம் உறைந்துவிடுகிறது, இது அநியாயம் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். உறையாமல் என்ன செய்யும்? பெரிய கம்பெனிகளுக்கு இதற்கென்றே ஒரு மாடி முழுக்க ஆட்கள் இருப்பார்கள். நமக்கு மாடியே இல்லை. நான் அப்டேட் விட்டால் மாட் உடையும், மாட் உடைந்தால் என்னைத் திட்டுவார்கள். திட்டுக்குப் பயந்து அப்டேட் விடாவிட்டால் சோம்பேறி என்பார்கள். நீ கோலம் போடச் சொல்கிறாய். போட்டவுடன் மிதிக்கிறது யார் என்று பார்.

ஆனால் உண்மையாகவே எரிவது அதில் இல்லை.

பதினேழாம் நம்பர் முகம் நினைவிருக்கிறதா? வாரா வாரம் ஒரே ஒரு சட்டையைக் கொண்டுவருகிற ஆள். சட்டையில் கறையே இருக்காது. அதற்குக் கீழே நான் எழுதிய வரி: 'அழுக்காகாத சட்டையையும் துவைக்கக் கொடுப்பவர்கள் உண்டு. அவர்கள் கொடுப்பது சட்டையை அல்ல.' அந்த ஒரு வரிக்கு மூன்று நாள் உட்கார்ந்தேன். என் மனைவி இரண்டு வருஷத்துக்கு முன் அதைப் படித்துவிட்டு, "நல்லாருக்கு. கரன்ட் பில் கட்டியாச்சா?" என்றாள். போன செவ்வாய்க்கிழமை அதே சட்டை, அதே வரி, மேலே உன் முகம். அழுகிறாள். மூக்கை உறிஞ்சி அழுகிறாள்! "பாவங்க இந்த மனுஷன், வீட்ல யாரும் இல்ல போல" என்கிறாள். அதைத்தானேம்மா நான் எழுதியிருக்கிறேன் என்றேன். "எங்க எழுதிருக்கீங்க?" என்றாள்.

இப்போது நேரடியாகவே கேட்டுவிடுகிறேன். கொடிக்கயிறு நீதானே?

மறைக்காதே. முகங்களைச் சரியான துணிகளோடு பொருத்தியிருக்கிறது. எது யாருடைய முகம் என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். மாட்டின் நன்றிப் பட்டியலில் முதல் பெயர் உன்னுடையது, இரண்டாவதுதான் என்னுடையது. மாட் வெளிவந்தது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை உனக்கு விடுமுறை. எனக்கு இவ்வளவு போதும்.

இன்னொன்று. அந்த மாட்டுக்கான இணையப் பக்கத்தில் 'நேர்மையான வாடிக்கையாளர்' என்ற பெயரில் யாரோ ஒருவர், முகங்கள் கற்பனைக்குத் தடை, மேலும் இருபத்தாறாம் நம்பர் முகம் ஜன்னலுக்கு வெளியே பிதுங்குகிறது என்று படத்தோடு நியாயமாக எழுதியிருக்கிறார். பொதுமக்களிலும் விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

தம்பி


மார்ச் 18

நான் இல்லை.

எனக்கு மாட் செய்யத் தெரிந்திருந்தால் முதலில் உன் வரிகளைத்தான் எடுத்திருப்பேன்.

நேர்மையான வாடிக்கையாளர் போட்ட படத்தின் இடது மேல் மூலையில் பச்சை நிறத்தில் சின்னச் சின்ன எண்கள் ஓடுகின்றன. உன் மேசைக் கம்ப்யூட்டரில் கேமைச் சோதிக்கும்போது வருகிற எண்கள். உலகத்தில் வேறு யாருடைய திரையிலும் அது வராது என்று எனக்கே தெரிந்திருக்கும்போது, உன் கேமைக் கரைத்துக் குடித்தவர்களுக்குத் தெரியாதா? கீழே இருநூற்றுப் பன்னிரண்டு பேர் சிரித்திருக்கிறார்கள். ஒருவர், "வாங்க சார், உள்ள வந்து உக்காருங்க" என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர், "சார் நல்ல மனுஷன், விட்ருங்கப்பா" என்று எழுதியிருக்கிறார். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. உனக்கு வயது நாற்பத்தெட்டு.

கொடிக்கயிறு என்ன செய்தார் தெரியுமா? சிரிக்கவில்லை. "சுட்டிக்காட்டியதற்கு நன்றி" என்று எழுதி, மறுநாளே இருபத்தாறாம் முகத்தைச் சரிசெய்துவிட்டார். நம் கேமில் மழை நாளில் கதவு மாட்டிக்கொள்கிற கோளாறை நீ எத்தனை நாளாகப் 'பார்க்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய்?

ஏன் எடுத்தாய் என்று சொல். கம்ப்யூட்டர் கதை வேண்டாம். அதைச் சொல்லாமல் எழுதினால் படிக்கமாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

இரண்டு வாரம் நான் எழுதாததற்குக் காரணம் வேலை இல்லை. வெட்கம். அது தணிய நாளாகும் போலிருக்கிறது, காத்திருக்க முடியாமல் எழுதுகிறேன்.

அன்று கேமை ஓரளவு முடித்துவிட்டு, சோதித்துப் பார்க்க இரண்டு பேரை உட்காரவைத்தேன். ஒருத்தி என் மனைவி. இன்னொருவர் எதிர் வீட்டுப் பூகோள வாத்தியார். முகங்கள் எல்லாம் அப்போது உள்ளேதான் இருந்தன. நான் பின்னால் நாற்காலி போட்டு, நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன், எந்த வரியில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று குறிக்க.

நிற்கவே இல்லை. முகம் வரும், பார்ப்பார்கள், "அடடா" என்பார் வாத்தியார். பிறகு என் நாலு வரி வரும். டக்கென்று தட்டிவிட்டு அடுத்த முகத்துக்குப் போய்விடுவார். அடுத்தது யாரு, அடுத்தது யாரு என்று இரண்டு பேரும் போட்டி போட்டார்கள். நாலு வருஷம் எழுதின வரிகள், அக்கா. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தூங்கி விழுந்தால் தோளைத் தட்டுவோமே, அப்படித் தட்டித் தள்ளினார்கள். நோட்டில் நான் குறித்தது ஒன்றே ஒன்றுதான்: 'என் வரிகள் தேவையில்லை.' எனக்குத் தெரிந்து நான் எழுதியதிலேயே உண்மையான வரி அது.

மறுநாள் முகங்களை எடுத்துவிட்டு அதே வாத்தியாரை மறுபடி உட்காரவைத்தேன். இப்போது படித்தார். வேறு பார்க்க எதுவும் இல்லையே, படித்துத்தானே ஆகவேண்டும். "சொற்கள் நன்றாக இருக்கின்றன" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக உன் ஒரு வருஷத்தைப் பரணில் போட்டேன். கம்ப்யூட்டர் நன்றாகவே தாங்கியது. தாங்காதது நான்.

பேட்டியில் சொன்னதற்கு மன்னிப்பு இல்லை, தெரியும். அவர் கேட்டபோது "பொறாமையில் எடுத்துவிட்டேன்" என்று எந்த மனிதனாவது சொல்வானா? துணிச்சல் என்று ஒரு நல்ல சொல்லை அவரே கையில் கொடுத்தார், போட்டுக்கொண்டேன்.

பிறகு கொடிக்கயிற்றுக்கு என் சொந்தப் பெயரில் எழுதினேன். பதில் வந்தது. பெண். மயக்க மருந்து டாக்டர். ஆளை மயக்குவதே தொழில், நான் எந்த மூலைக்கு! ஒரு பகுதியை அப்படியே தருகிறேன்: 'என் வேலையில் நான் பார்க்கிற முகங்கள் இரண்டே நிமிஷத்தில் கண்ணை மூடிவிடும். விழித்திருக்கும் முகங்களைக் கொஞ்ச நேரம் பார்க்க ஆசைப்பட்டேன். எந்த முகம் எந்தத் துணிக்கு என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. உங்கள் வரிகளைப் படித்தால் தெரிந்துவிடுகிறது. பதினேழாம் ஆளை அப்படித்தான் கண்டுபிடித்தேன்.'

அதை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. என் வரிகளை முழுக்கப் படித்த ஒரே ஆள், நான் கதவை அடைக்க நினைத்த ஆள்.

பூட்டு இல்லை. அதற்குப் பதில் மே 15 அப்டேட்டில் மாட்களுக்கென்று தனி ஃபோல்டரே வருகிறது. அவற்றை எப்படிச் செய்வது என்று நானே நாலு பக்கம் எழுதிவைக்கிறேன். எல்லா மாட்களையும் ஒரே தட்டில் நிறுத்திவிட ஒரு பொத்தான். புகார் எழுதும் இடத்தில் முதல் கேள்வி, 'மாட் போட்டிருக்கிறீர்களா?' மீன்காரர் அங்கேயே வடிகட்டப்பட்டுவிடுவார். நாங்கள் சின்னக் கடை, எங்கள் அப்டேட்டால் உங்கள் மாட் உடைந்தால் பொறுப்பில்லை, ஆனால் பத்து நாள் முன்னால் சொல்லிவிடுவோம் என்று வெளிப்படையாக எழுதி ஒட்டிவிடுகிறேன். இவ்வளவுதான் விஷயம். இதைச் செய்ய மூன்று நாள் வேலை. பூட்டுப் போட எட்டு நாள் ஆகியிருக்கும்.

பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை. நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்து உட்கார்ந்திருக்கிறது. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

அடுத்த கேமுக்கு வரைவாயா? இப்போதே சொல்லவேண்டாம்.

தம்பி


ஏப்ரல் 10

டேய்,

உண்மையைச் சொன்னதற்கு ஒரு நீளமான பதில் மனதுக்குள் எழுதிவைத்திருந்தேன். மன்னிப்பு, பெருந்தன்மை, எல்லாம் இருந்தது. எனக்கே கண் கலங்கியது. அதை அனுப்பப்போவதில்லை.

அந்த டாக்டரம்மா நேற்று விட்டிருக்கிற புதிய பதிப்பைப் பார்த்தாயா? பதினேழாம் ஆளின் மூக்கை மாற்றியிருக்கிறாள்.

மூக்கை!

அந்த மூக்கைப் பதினோரு முறை வரைந்தேன். கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருக்கும், சின்ன வயதில் எங்கோ விழுந்த மாதிரி. அது சாய்ந்திருப்பதால்தான் அவன் எதிரே இருப்பவரை நேராகப் பார்க்காத மாதிரி தெரியும். அவள் அதை நிமிர்த்திவிட்டாள். நிமிர்த்தினதற்குக் காரணமும் எழுதியிருக்கிறாள், 'சுவாசக் குழாய் போடும்போது நான் பார்த்த மூக்குகளை வைத்துச் சரிசெய்தேன்' என்று. நான் என்ன அவனுக்கு ஆபரேஷனா பண்ணப்போகிறேன்? இருபது வருஷம் உடம்பின் உள்ளே இருப்பதையெல்லாம் வரைந்தவளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை வரையத் தெரியாதா?

அதையும் பொறுத்திருப்பேன். கீழே என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? "இப்பதான் நிஜ மனுஷன் மாதிரி இருக்கார்." நிஜ மனுஷனாம்! இவ்வளவு நாள் என்னவாக இருந்தான், கத்தரிக்காயா?

அதோடு நாற்பத்திரண்டாவதாக அவளே ஒரு முகம் வரைந்து சேர்த்திருக்கிறாள். ஒரு கிழவர், காதில் மெஷின். என் கோடு மாதிரியே கோடு. தாடைக்குக் கீழே நான் நிழல் போடுகிற விதம்கூட அப்படியே. உன் அத்தானைக் கூப்பிட்டு நாற்பத்திரண்டையும் காட்டி, "இதுல எது நான் வரையாதது, சொல்லுங்க பார்ப்போம்" என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். என்னுடைய முப்பதாம் நம்பரைக் காட்டினார். "இந்த வயசானவர் மட்டும் நிச்சயமா உன் கைதான்" என்று டாக்டரம்மாவின் கிழவரைத் தட்டிக்கொடுத்தார். இருபத்தாறு வருஷக் குடித்தனம். அவரோடு இரண்டு நாளாக நான் பேசவில்லை. மாடுகளோடு பேசிக்கொள்ளட்டும்.

அந்தப் பூட்டு இன்னும் இருக்கிறதா? எட்டு நாள் வேலை என்றாயே, இன்று ஆரம்பித்தால் மே 15-க்குள் முடிந்துவிடாதா?

அக்கா


ஏப்ரல் 13

என் அருமை அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சத்தம் போட்டுப் படித்தேன். என் மனைவி பாதியில் வந்து சேர்ந்துகொண்டதால் மறுபடி முதலில் இருந்து படிக்கவேண்டியதாயிற்று. கத்தரிக்காய் இடத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

'பெற்றுப் போட்ட பிறகு பிள்ளை யார் மடியில் உட்காருகிறது என்று தாய் கணக்குப் பார்க்கக்கூடாது.' இது யார் எழுதியது? எழுத்தில் திட்டச் சொன்னது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று பார். ஃபோனில் சொல்லியிருந்தால் இல்லவே இல்லை என்று சாதித்திருப்பாய். மடியில்தானே உட்கார்ந்தது அக்கா, அவள் அதன் மூக்கைத்தானே பிடித்துவிட்டாள். வாசலில் கோலம் எவ்வளவு பெரிதாகப் போடட்டும்?

இவ்வளவு நாள் இந்த நோய் எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக் கூனிக் குறுகிக்கொண்டிருந்தேன். குடும்பச் சொத்து என்று தெரிந்ததும் ஒரு தெம்பு வந்திருக்கிறது.

பூட்டு இல்லை. கதவைத் திறக்கிறேன் என்று அந்த டாக்டரம்மாவிடம் சொல்லியாயிற்று. ஆனால் உனக்காக ஒன்று செய்திருக்கிறேன். மாட் எதுவும் நம் ஒரிஜினலின் மேல் எழுத முடியாது, பக்கத்தில்தான் உட்கார முடியும். நாற்பத்தோரு முகங்களும் இனி கேமிலேயே வருகின்றன, நீ வரைந்தபடி. பதினேழாம் ஆள் சாய்ந்த மூக்கோடுதான் ஜன்னலுக்கு வருவார். நேர்மூக்கு வேண்டும் என்கிறவர்கள் தேடிப்போய்த் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். எத்தனை பேர் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பிறகு என்னைக் கேட்காதே. சொல்லமாட்டேன், ஏனென்றால் நான் பார்ப்பேன், பார்த்துவிட்டு உன்னிடம் பொய் சொல்வேன்.

பேட்டி எடுத்த பத்திரிகைக்காரருக்கும் எழுதிவிட்டேன். முகங்களை எடுத்தது துணிச்சலால் இல்லை, அவை என் எழுத்தைவிட நன்றாக இருந்ததால் என்று. போடுகிறார்களாம். நேர்மையான வாடிக்கையாளர் கணக்கையும் மூடிவிட்டேன். மூடும்போது ஏன் போகிறீர்கள் என்று அந்த இணையதளம் கேட்டது, 'நேர்மை போதவில்லை' என்று எழுதினேன்.

அத்தானோடு பேசு. நாற்பத்திரண்டில் எது உன்னுடையது இல்லை என்று நானும் பார்த்தேன். ஒரு நிமிஷம் ஆயிற்று. கண்டுபிடித்துவிட்டேன். அவளுடைய கிழவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீ வரைந்தவர்கள் யாரும் நம்மைப் பார்ப்பதில்லை, தங்கள் துணியைத்தான் பார்க்கிறார்கள். இதைக் கவனிக்க எனக்கு ஆறு வருஷமும் ஒரு மயக்க டாக்டரும் தேவைப்பட்டிருக்கிறது.

வரைவாயா? மறுபடி கேட்கிறேன்.

தம்பி


மே 24

அக்கா,

அப்டேட் போய் ஒன்பது நாள் ஆயிற்று. மாட் ஃபோல்டருக்குள் இதுவரை பத்தொன்பது வந்து உட்கார்ந்திருக்கின்றன. மீன்காரர் நாலு பக்கத்தையும் ஒழுங்காகப் படித்து, மீனை உறையாமல் இஸ்திரி போட வழி கண்டுபிடித்துவிட்டார். நன்றிக் கடிதம் எழுதியிருக்கிறார். புகார் பாதியாகக் குறைந்திருக்கிறது. ஆளுக்கு ஆள் அவர்களே பதில் சொல்லிக்கொள்கிறார்கள். மழைக் கதவையும் சரிசெய்துவிட்டேன் என்று சொல்ல ஆசை, ஆனால் யாரோ ஒருவர் மாட் போட்டுச் சரிசெய்துவிட்டார். அவர் செய்ததைப் பார்த்து நான் எழுதிக்கொண்டேன்.

இதெல்லாம் நல்ல செய்தி. இப்போது மற்றது.

டாக்டரம்மா நம்மை விட்டுப் போய்விட்டாள்.

கோபம் எல்லாம் இல்லை. அழகாக, மரியாதையாக எழுதியிருக்கிறாள். 'கதவைத் திறந்ததற்கு நன்றி. இனி உங்கள் கேமுக்கு நான் செய்ய ஒன்றும் இல்லை. இப்போது வேறு ஒரு கேம் ஆடிக்கொண்டிருக்கிறேன்.' எது தெரியுமா? மூன்று பேர் சேர்ந்து செய்த ஒரு சலூன் கேம். முடி வெட்டவேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு மாட் செய்திருக்கிறாள். வாடிக்கையாளர்கள் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார்கள், எழுப்பாமல் வெட்டவேண்டும். ஊரே கொண்டாடுகிறது. அவள் தொழிலையே கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டாள். நமக்கு வெறும் மூக்கு, அவர்களுக்குத் தூக்கம்!

என்னிடம் என்ன குறை? நாலு பக்கம் எழுதிவைத்தேன், பொத்தான் வைத்தேன். அந்த மூன்று பேரும் ஒரு வரி எழுதிவைத்திருக்கமாட்டார்கள். என் மனைவி, "விட்டுட்டுப் போன ஆளை நினைச்சு இப்படி ஏங்குறதை எனக்கு எதிர்லயே பண்றீங்களே" என்கிறாள்.

யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

தம்பி


மே 28

டேய்,

உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். வாங்கி ஆடியும் பார்த்துவிட்டேன். உன் அத்தானும் ஆடினார். (பேசிவிட்டோம். கிழவர் நம்மைப் பார்க்கிறார் என்று நீ எழுதியதைக் காட்டினேன். "இவன் கவனிக்கிறானே" என்றார்.)

சலூன் கேமின் நாற்காலிகள் கோணல். கண்ணாடியில் தெரிகிற கடைக்கும் எதிரே இருக்கிற கடைக்கும் சம்பந்தமே இல்லை. முடி வெட்டினால் தரையில் விழவில்லை, எங்கேயோ மாயமாகப் போகிறது. எழுதியிருக்கிற வரிகள் இருக்கிறதே, சொல்லக்கூடாது, உன்னுடையவை எவ்வளவோ மேல். ஆனால் அந்தத் தூங்குகிற முகங்கள் நன்றாக இருக்கின்றன. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. அதை மட்டும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. இரண்டு நாளாகக் குறை தேடிக்கொண்டிருக்கிறேன். நேற்று உன் அத்தான் பகலில் சோபாவில் தூங்கும்போது எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒன்பது படம் வரைந்தேன். விழித்துப் பார்த்துவிட்டு, "என்னடி, நான் செத்துட்டேனா?" என்றார். ஒன்பதில் ஒன்று டாக்டரம்மாவுடையதைவிட நன்றாக வந்திருக்கிறது. ஒன்றுதான்.

அடுத்த கேமுக்கு வரைகிறேன்.

ஆனால் போன தடவை மாதிரி நான் முதலில் வரைந்து, நீ பின்னால் உட்கார்ந்து எழுதுவது இனி இல்லை. இந்தத் தடவை நீ முதலில் எழுது. எல்லா வரியையும் எழுதி முடித்து அனுப்பு. அதுவரை நான் பென்சிலைத் தொடமாட்டேன். மூன்று நாள் இல்லை, ஒரு வரிக்கு முப்பது நாள் எடுத்துக்கொள், பரவாயில்லை.

சும்மா எழுதி அனுப்பாதே. படித்ததும் எனக்கு வயிறு எரியவேண்டும்.

அக்கா